யார் கையெழுத்தும் வேண்டாம்

ரோசலின் கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. கன்னியராகவே இருந்துவிடுவதாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அங்க படிக்க நேரம் பத்தல."

யாரும் நம்பவில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. சில வருஷம் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தினாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, மரியநாதபுரத்தில் செபஸ்தியான் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து லெண்டிங் லைப்ரரி ஆரம்பித்தாள். தெருவில் அவளுக்குச் சிஸ்டரக்கா என்று பட்டப்பெயர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக அதுவே பெயராகிவிட்டது.

ஊரில் வேறு லெண்டிங் லைப்ரரிகளும் இருந்தன. அங்கே போனால் மாத நாவல்களை அடுக்கிலிருந்து நாமே உருவிக்கொண்டு வந்துவிடலாம். ரோசலினிடம் அது நடக்காது. அவள் மேஜையைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போக வேண்டும். மேஜையில் ஒரு கேள்வி காத்திருக்கும்.

"கடைசியாப் படிச்ச புஸ்தகத்துல எந்த எடத்துல மூடி வச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்தீங்க?"

பேகம்பூரில் தையல்கடை வைத்திருந்த பக்ருன்னிசா முதல் தடவை வந்தபோது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏம்மா, புஸ்தகம் எடுக்க வந்தமா, ஒங்க கோயில்ல மாதிரி பாவத்தச் சொல்ல வந்தமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. சொல்லுங்க."

பக்ருன்னிசா சொன்னாள். சொல்லி முடிக்கச் செத்த நேரம் ஆனது. கேட்டுவிட்டு ரோசலின் எழுந்துபோய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். கதையை அவள் ஒருபோதும் சொல்ல மாட்டாள். ஒரே ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்வாள்.

"இதுல அண்ணனும் தம்பியும் ஒரு மாட்டுக்காக வருஷக்கணக்காப் பேசிக்க மாட்டாங்க. யார் மேல தப்புன்னு படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

"அழுக வைக்கிற புஸ்தகம்னா வேணாம். என்னைய அழுக வைக்க வீட்லயே ஆளிருக்கு."

"அழுக மாட்டீங்க. கோவம் வரும்."

"அப்பக் குடு."

அந்தத் தெருப் பெண்களுக்குப் புத்தகத்தின் பெயரோ எழுதியவர் பெயரோ நினைவில் நிற்காது. மாட்டு நாவல், கெணத்து நாவல், ரயில்வே கேட் நாவல் என்றுதான் கேட்பார்கள். குழாயடியில் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு, தம்பி மேல்தான் தப்பு, இல்லை அண்ணன்காரன் பொண்டாட்டி மேல் என்று சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். குழாயில் தண்ணீர் வந்தது தெரியாமல் நின்ற நாளும் உண்டு.

ரூபி அங்கே வந்தது தொண்ணூற்றாறாம் வருஷம். எதிர்வரிசையில் பூட்டும் இரும்புச் சாமானும் விற்கும் கிளெமென்ட் என்பவனின் மனைவி. தாவரவியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவதோடு படிப்பு நின்றுபோயிருந்தது. சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டபடிதான் உள்ளே வந்தாள். ரோசலின் தன் கேள்வியைக் கேட்டாள். ரூபி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"ஏழாவது படிக்கும்போது பாடப்புஸ்தகத்துல ஒரு கதை இருந்துச்சுக்கா. பாதிதான் போட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு ஆத்தைக் கடந்தாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ரோசலின் அவளை உட்காரச் சொன்னாள். அந்த அறையில் வாசகர்கள் உட்கார நாற்காலி கிடையாது. தன் நாற்காலியைத்தான் தள்ளிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ரூபி விழுந்து விழுந்து படித்தாள். பருப்பு வேகிற நேரத்தில் படித்தாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும் வழியில், வேப்பமரத்து நிழலில் நின்றபடியே ஒரு அத்தியாயம் முடித்தாள். திருப்பித் தரும்போது புகழ மாட்டாள், குற்றம் சொல்லுவாள். இந்த அப்பா இவ்வளவு சீக்கிரம் மனசு மாறுவானா, இந்த ஊரில் மழையே வராதா என்று கேட்பாள். ரோசலினுக்கு அது வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அவள் புத்தகம் கொடுத்தது இப்படி ஒருத்தி வருவாள் என்றுதான்.

ஒரு நாள் கெணத்து நாவலை எடுத்துக் கொடுத்தாள். "இதுல ஒருத்தி கெணறு வெட்டுறா. தண்ணி வராதுன்னு ஊரே சொல்லுது" என்றாள். அவ்வளவுதான்.

ரூபி அதை மற்றப் புத்தகங்கள்போல உடனே திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, "ரெண்டாந்தடவ ஓடுதுக்கா" என்றாள். எந்த இடத்தில் மூடி வைத்தாய் என்று கேட்டபோது சொன்னாள்: "பஞ்சாயத்துல அவள நிப்பாட்டி, வெட்டுறத விட்டுரும்பாங்க. மாட்டேம்பா. காரணம் கேப்பாங்க. சொல்ல மாட்டா. ஓடவும் மாட்டா, அழுகவும் மாட்டா. அங்கனயே நிப்பா. அந்தப் பக்கத்தைத் திருப்பவே முடியலக்கா."

கொடைரோடு பக்கம் ரூபிக்கு அவள் அம்மா எழுதிவைத்த திராட்சைத் தோட்டம் ஒன்று இருந்தது. பெரிய தோட்டமில்லை. கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டது. அதை விற்றுக் கடையைப் பெரிதாக்க வேண்டும் என்பது கிளெமென்டின் திட்டம். ரூபியிடம் அவன் கேட்கவில்லை. ஆள் பார்த்து, விலை பேசி, பத்திரம் எழுதி முடித்து, "நாளைக்குக் காலையில பட்டுச்சேலை கட்டிக்க, ஒரு எடத்துக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னான்.

பத்திர ஆபீஸில் சார்பதிவாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைத் தலைநிமிராமல் கேட்டார். "உங்க சம்மதத்தோடதானேம்மா விக்கிறீங்க?"

"இல்லீங்க" என்றாள் ரூபி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாங்க வந்தவர் பார்த்தார். சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். கிளெமென்ட் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "வெளாடுறா சார். ஏ ரூபி, என்ன இது?"

"வெளாடல. விக்க மாட்டேன்."

அவன் காதருகே குனிந்து கெஞ்சினான், மிரட்டினான். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பதிவாளர் பத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் கிளெமென்ட் கெணத்து நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு லைப்ரரிக்கு வந்தான். பக்ருன்னிசாவும் இன்னும் சில பெண்களும் அப்போது அங்கே இருந்தார்கள்.

"இது நீங்க குடுத்ததுதான?"

"நான்தான் குடுத்தேன், தம்பி."

"எங்க வீட்ல பூ மாதிரி இருந்தவ. சொன்ன சொல்லத் தட்ட மாட்டா. ஒங்க கடைக்கு வர ஆரம்பிச்சா, நாலு பேருக்கு முன்னால என் மூஞ்சில கரியப் பூசிட்டா. என்ன எழுதியிருக்கு இதுல?"

"படிச்சுப் பாத்தீங்களா?"

"இதப் படிக்கிறதுதான் எனக்கு வேலையா?"

"படிக்காம எப்படி என்னன்னு கேக்குறீங்க?"

அவன் புத்தகத்தை மேஜையில் எறிந்தான். அட்டை பிய்ந்து தனியாக விழுந்தது. அதுவரை 'நீங்க' போட்டுப் பேசியவன், "நீ உருப்படாம மடத்த விட்டு ஓடி வந்த. மத்தவ குடும்பத்தையும் அப்படி ஆக்கணும்ல ஒனக்கு" என்று கத்திவிட்டுப் போனான். ரோசலின் அட்டையைக் குனிந்து எடுத்தாள்.

இரண்டு மூன்று நாளில் கிளெமென்ட் தெருவில் தன்னைப்போல் கடை வைத்திருந்த நான்கைந்து பேரைச் சேர்த்துவிட்டான். எல்லாரும் வீட்டுக்காரர் செபஸ்தியானிடம் போனார்கள். செபஸ்தியான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், யாருடைய மனமும் கோணக்கூடாது என்று நினைப்பவர். மறுநாள் காலையில் ரோசலினிடம் வந்து மேஜை ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஏம்மா ரோசலின், அவுங்க ஒண்ணும் பெருசாக் கேக்கல. கல்யாணம் ஆன பொம்பளைக புஸ்தகம் எடுக்கணும்னா கார்டுல புருஷன் கையெழுத்து இருக்கணும். அம்புட்டுத்தான்."

"கல்யாணமான ஆம்பளைக எடுக்கணும்னா பொண்டாட்டி கையெழுத்து வேணுமா மாமா?"

"கேலி பண்ணாதம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வழி சொல்றேன் கேளு. கையெழுத்துகூட வேணாம். அந்தப் புஸ்தகத்துல ஒண்ணும் இல்ல, அது சும்மா கெணறு வெட்டுற கதைன்னு கிளெமென்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. நானே பொரட்டிப் பாத்தேன். கெட்டது எதுவும் இல்ல. பொழுதுபோக்குக்குப் படிக்கிறதுதான, இதுல என்ன வந்துச்சுன்னு சொல்லிரு. அவனும் அடங்கிருவான்."

அது எளிய வழிதான். பொய்யும் இல்லை என்றே யாருக்கும் தோன்றும். புருஷனை எதிர்த்துப் பேசும் ஒரு வரிகூட அந்த நாவலில் கிடையாது. ரோசலின் அந்தக் கிழிந்த அட்டையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்து, மேலே ஒரு கனமான புத்தகத்தைப் பாரமாக வைத்த பிறகுதான் பேசினாள்.

"மாமா, நான் மடத்த விட்டு வந்தேன், கல்யாணம் வேணாம்னேன், வாத்தியார் வேலையை விட்டேன். எல்லாம் இதுக்காகத்தான். இப்ப இதுல ஒண்ணுமே இல்லன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்க. சொல்ல மாட்டேன். அதுல எல்லாமே இருக்கு. ரூபிக்கு அது பட்டிருந்தா, அது நல்ல புஸ்தகம்னு அர்த்தம். கிளெமென்டு பயந்தது சரிதான்."

"அப்படியெல்லாம் பேசினா எப்படிம்மா?"

"வேற எப்படிப் பேசுறது?"

அவர் போன பிறகு ரோசலின் ஒரு பழைய நாட்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள். 'இங்கே புத்தகம் எடுக்க யார் கையெழுத்தும் வேண்டாம். படிப்பவர் வந்தால் போதும்.'

அதைத் தெருவே நின்று படித்தது. கிளெமென்டும் படித்தான். அதற்குப் பிறகு செபஸ்தியானால் நடுவில் நிற்க முடியவில்லை. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லியனுப்பினார். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. ஒன்றாம் தேதி அறையைப் பூட்டப்போகிறார்கள். பூட்டு கிளெமென்ட் கடையிலிருந்து வரும். உள்ளே இருக்கும் புத்தகங்களை அந்த நாலைந்து பேரும் உட்கார்ந்து பார்த்து, குடும்பத்துக்கு ஏற்றதை மட்டும் அவளிடம் கொடுப்பார்கள்.

அவள் வேறு இடம் தேடினாள். நாகல்நகரில் ஒரு அறை கிடைக்கிற மாதிரி இருந்தது. அவளைப் பற்றிய பேச்சு எப்படியோ முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட, வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் தம்பி குடிவருகிறான் என்றார். பழனி ரோட்டில் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "குடும்பத்தைப் பிரிக்கிற லைப்ரரி ஒங்களதுதானா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து ஜனம் தெருவில் இறங்கும் நேரத்தில் ரோசலின் அறையின் கதவை அகலத் திறந்து மேஜையை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். வந்த பெண்களிடமெல்லாம் சொன்னாள். "இன்னைக்கு ஒண்ணு ரெண்டு இல்ல. கை நெறைய எடுத்துக்கங்க. எல்லாத்தையும் எடுத்துக்கங்க. பூட்டுறதுக்கு உள்ள ஒரு தாள் இருக்கக் கூடாது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பக்ருன்னிசாவுக்குத்தான் புரிந்தது. ரிக்ஷா ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். "வச்சு ஏத்து. எங் கடையில துணி இருக்குற எடத்துல பாதி ஒனக்கு."

ஆனால் அந்த அவசரத்திலும் ரோசலின் அள்ளிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் இன்னாருக்கு என்று பார்த்துத்தான் கொடுத்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவளுக்கு ஒரு கப்பல்காரன் கதை. "இதுல கடல் வந்துக்கிட்டே இருக்கும். ஒனக்கு மூச்சு முட்டும்போது படி." கணவனை இழந்த டீச்சருக்கு ஒரு திருடனின் கதை. "டீச்சர், துக்கம் கேக்க வந்தவங்க குடுத்த புஸ்தகத்தையெல்லாம் தூரப் போடுங்க. சிரிச்சு நாளாச்சுல்ல உங்களுக்கு?" மில்லுக்குப் போகும் கனகா என்ற பெண்ணுக்கு ரயில்வே கேட் நாவல். "வேடசந்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடியும். பஸ்ஸுல சத்தமாப் படி. பக்கத்து சீட்டுக்காரிக்கும் கேக்கட்டும்." குரல் கட்டிப்போனது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எதிர்வரிசையில் கிளெமென்ட் கடையைச் சாத்தியிருந்தாலும் பெரிய கதவுக்குள் இருந்த சின்னத் திட்டிக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணெதிரே தெருப் பெண்கள் மார்போடு புத்தகங்களை அணைத்துக்கொண்டு போனார்கள். யாரும் முந்தானையால் மறைக்கவில்லை.

மதியத்துக்குப் பக்கமாக ரூபி வந்தாள். பத்திர ஆபீஸ் விஷயத்துக்குப் பிறகு அவள் லைப்ரரி பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. கூட்டம் விலகி வழிவிட்டது. ரோசலின் அவளைப் பார்த்ததும் தடுமாறினாள்.

"ஒனக்கு வேணாம்மா ரூபி. வீட்ல இருக்குற நெலமையில... கொஞ்ச நாள் போகட்டும்."

ரூபியின் முகம் சிவந்துவிட்டது. "நீங்களும் எங்கிட்டக் கையெழுத்துக் கேக்குறீங்களாக்கா?"

ரோசலின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன்" என்றாள் ரூபி. அவள் பேசியது எதிர்வரிசை வரை கேட்டது. "அவரு புஸ்தகம்தான் என்னையக் கெடுத்துச்சுங்கிறாரு. நீங்க புஸ்தகம்தான் என்னைய எழுப்பிச்சுன்னு பெருமைப்படுறீங்க. ரெண்டு பேரும் என்னைய விட்டுட்டீங்க. மாட்டேன்னது நான். அது எங்கம்மா தோட்டம். புஸ்தகமே படிக்காட்டியும் மாட்டேன்னுதான் சொல்லிருப்பேன். என்ன, சொல்லிட்டு அங்க நின்னுருக்க மாட்டேன். அழுதுக்கிட்டு வெளிய ஓடிருப்பேன். நிக்கலாம்னு மட்டும்தான் கெணறு வெட்டுன அந்தப் பொம்பள காட்டுனா. அதுக்கு அவளுக்கு நன்றி. மிச்சமெல்லாம் என்னோடது."

ரோசலின் எழுந்து, பசை காய்ந்திருந்த கெணத்து நாவலை எடுத்து மற்ற நான்கு புத்தகங்களுக்கு மேலே வைத்து நீட்டினாள். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அவள் புத்தகம் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். ரூபி வாங்கிக்கொண்டு, நேராகத் தெருவைக் கடந்து, திட்டிக் கதவு வழியாகவே குனிந்து கடைக்குள் போனாள்.

மறுநாள் பூட்டு வந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு. கதவைத் திறந்து பார்த்தவர்கள் காலியான அலமாரிகளைத்தான் பார்த்தார்கள். செபஸ்தியான் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாராம். பிறகு கிளெமென்டிடம் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றும் இல்லாத அறைக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு சில வருஷம் அந்த லைப்ரரி ஒரே இடத்தில் இல்லை. மாட்டு நாவல் பேகம்பூரில் இருக்கும். கடல் கதை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று ரோசலினுக்குத் தெரியும். பழைய டி.வி.எஸ். ஃபிப்டி மொபெட்டில் வீடு வீடாகப் போவாள். முடித்த புத்தகத்தை வாங்கி அடுத்த தெருவில் கொடுப்பாள். வாசலில் நின்றபடியே தன் கேள்வியைக் கேட்பாள். எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு மாமியார் மருமகளிடமிருந்த புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டாள். ஒரு வீட்டில் கணவன் வெந்நீர் அடுப்பில் வைத்தான். பல திரும்பி வரவேயில்லை. கேபிள் டிவி வந்ததும் வாசகர்கள் பாதிக்கு மேல் குறைந்தார்கள். ரோசலின் அதற்கெல்லாம் வருத்தப்பட்டாள், திட்டினாள். நிறுத்தவில்லை. இரண்டாயிரத்தில் பக்ருன்னிசா தையல்கடைக்கு மாடி எடுத்தபோது அங்கே ஒரு அறை கொடுத்தாள். மிஞ்சியவை அங்கே வந்து சேர்ந்தன.

கிளெமென்ட் ரூபியிடம் பல மாதம் பேசவில்லை. உறவுக்காரர்களை வைத்துச் சொல்லிப் பார்த்தான். அவள் சோறும் வெஞ்சனமும் ஆக்கினாள், மகளைப் படிக்க வைத்தாள், வாரத்தில் பாதி நாள் காலைப் பாசஞ்சரில் ஏறிக் கொடைரோடு போய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். கடையைப் பெரிதாக்க அவனுக்கு வங்கியிலேயே கடன் கிடைத்தது. பெரிதாக்கினான். அவர்களுக்குள் சமாதானம் வந்ததா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தோட்டம் ரூபியின் பெயரில்தான் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் ரோசலின் கொடைரோட்டுக்குப் போனாள். ரூபி தோட்டத்து மோட்டார் ரூமில் நான்கு பலகை அடித்துப் புத்தகம் அடுக்கியிருந்தாள். திராட்சைக் கொத்து வெட்ட வரும் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் எடுத்துப் போனார்கள். சாப்பிட்ட பிறகு, ரோசலினை வண்டி ஏற்றிவிட இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது ரோசலின் போன மாதம் தான் கொடுத்தனுப்பிய நாவலைப் பற்றிக் கேட்டாள். வாழ்க்கையில் படித்ததிலேயே அதுதான் உயர்ந்தது என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"நல்லால்லக்கா" என்றாள் ரூபி.

"என்ன?"

"பாதி வரைக்கும் நல்லாத்தான் போகுது. அப்பறம் எழுதுனவரு பயந்துட்டாரு. கதாநாயகியக் கொன்னுட்டாரு. அவ உசுரோட இருந்தா என்ன பண்ணுவான்னு அவருக்குத் தெரியல."

"ஏ, என்ன பேசுற நீ? அந்தச் சாவு இல்லேன்னா அந்த நாவலே இல்ல!"

"சாகாமயும் நாவல் இருக்கும். ஒங்களுக்குத்தான் செத்தாப் பிடிக்குது."

"திரும்ப ஒரு தடவை படிச்சிட்டு வந்து பேசு."

"ரெண்டு தடவ படிச்சாச்சு. நீங்க படிச்சு எம்புட்டு வருஷமாச்சு? நீங்க படிங்க."

வெள்ளரிப்பிஞ்சு விற்றவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரயில் வந்தது. ஜனம் இறங்கியது, ஏறியது. ரோசலின் ஒரு காலைப் படியில் வைத்து, ரூபி நாவலில் இன்னொரு குறை சொன்னதும் காலை எடுத்துவிட்டாள். வண்டி நகர்ந்து திண்டுக்கல் பக்கம் போனது. "அடுத்த வண்டி சாயங்காலம்தான்க்கா" என்றாள் ரூபி.

"போகட்டும். நீ மொதல்ல அந்த எடத்தச் சொல்லு. எந்தப் பக்கத்துல பயந்தாராம் அவரு?"